விலைவாசியும் வீட்டுக் கணக்கும்

ஆசிரியத் தொழிலில் அமர்ந்த நாள்முதல் எத்தனையோ ஆயிரம் விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். பிழை கண்டவிடத்துச் சிவப்பு மையினாற் கோடு இழுப்பதற்கு என் கை ஒருபோதும் தயங்கியதில்லை. ஆயினும், அவ்வாறு இழுத்த கோடுகளுள் ஒன்று மாத்திரம் இன்றளவும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, அதற்கு முந்திய செப்டெம்பர் மாதத்துப் பணவீக்கம் நூற்றுக்கு 1.3 ஆக இறங்கியிருந்தது. சரியாக ஓராண்டுக்கு முன், 2022 செப்டெம்பரில், அதே பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக இருந்தது. பொருளியல் கற்பிக்கும் எனக்கு இவ்விறக்கம் பெரியதோர் அதிசயமாகத் தோன்றியது. அந்த உற்சாகத்திலே உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒரு சிறு பரீட்சை வைத்து, "பணவீக்கம் குறைந்துள்ளது என்பதனால் நீர் விளங்கிக்கொள்வது யாது?" என்று வினவியிருந்தேன்.

மாணவன் ஒருவன் நான் எதிர்பார்த்த விடையை ஒழுங்காகவே எழுதியிருந்தான். ஆனால் அதன் கீழே, ஒருவரும் கேளாத ஒரு வரியையும் சேர்த்திருந்தான்: "எங்கள் வீட்டில் அது குறையவில்லை."

வினாவுக்குப் புறம்பானது என்று ஓரத்தில் எழுதி, அவ்வரியின் குறுக்கே கோடு இழுத்துவிட்டேன்.

சில வாரங்களின் பின் அம்மாணவனின் தாயாரைக் கல்லூரிக்கு அழைக்க நேர்ந்தது. பையன் திங்கட்கிழமைகளிலும் வியாழக்கிழமைகளிலும் வகுப்புக்கு வருவதில்லை என்பது முறைப்பாடு. வந்தவர் வெங்காயத் தோட்டங்களிலே களை பிடுங்கியும் அறுவடை செய்தும் நாட்கூலி பெறுபவர். கைகளில் மண்ணின் நிறம் மாறாமலே இருந்தது.

"சேர், பிள்ளையைக் கோபியாதேங்கோ. நான்தான் அவனைச் சந்தைக்கு அனுப்பிறனான். மூட்டை தூக்கினால் கொஞ்சக் காசு வரும்" என்றார்.

"இப்போது விலைவாசி அடங்கிவிட்டதே, அம்மா. இன்னும் ஏன் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கவேண்டும்?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "விலை நிண்டிட்டுதெண்டுதான் எல்லாரும் சொல்லினம், சேர். நிண்டது எந்த இடத்திலையெண்டு ஆரும் கேக்கேல்லையே. ஏணியிலை மேற்படிக்குப் போய் நிண்டால், கீழை நிக்கிற எங்களுக்கு எட்டுமே?"

பட்டப்படிப்பிலே நான் கற்ற பாடத்தை, பள்ளிக்கூடத்தை முடிக்காத ஒருவர் இரண்டு வாக்கியத்திற் சொல்லிவிட்டார். அன்று மாலையே அந்த விடைத்தாளைத் தேடி எடுத்தேன்.

வேகமும் உயரமும்

பணவீக்கம் என்பது விலையின் உயரம் அன்று. விலை ஏறுகின்ற வேகம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே நம்மவருட் பலர் செய்யும் பிழை. ஓடிச்சென்ற வண்டி வேகத்தைக் குறைத்தது என்றால், அது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட்டது என்பது பொருளாகுமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். 2021 செப்டெம்பரில் ஒரு குடும்பத்தின் பொருட்கூடை 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் நூற்றுக்கு 69.8 ஏறியபோது அக்கூடை ஏறத்தாழ 170 ரூபாவாயிற்று. அடுத்த ஆண்டில் 1.3 ஏறியது, கூடை 172 ரூபா. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே சென்று, விலைகள் நூற்றுக்கு அரைப்பங்கு இறங்கின; கூடை 171 ரூபா. 2025 செப்டெம்பரில் மறுபடியும் 1.5 ஏறியது, கூடை ஏறக்குறைய 174 ரூபா. சுட்டெண்ணின் தளவாண்டு இடையில் மாறியமையால் இக்கணக்கு நுட்பமானது அன்று. ஆனால் அதன் போக்கிலே பிழையில்லை.

உணவை மாத்திரம் தனியே எடுத்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். கொழும்புச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவு விலை ஓராண்டிலே நூற்றுக்கு 94.9 ஏறியிருந்தது. 100 ரூபா உணவு 195 ரூபாவாயிற்று. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் உணவு விலை நூற்றுக்கு 5.2 இறங்கிற்று. "உணவு விலை இறங்கிவிட்டது" என்ற செய்தி உண்மையே. ஆயினும் 195 இறங்கி நின்ற இடம் 185. ஏறும்போது 95 படி. இறங்கும்போது 10 படி.

இவ்வளவு பெரிய ஏற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. 2019 இறுதியில் வரிகள் பெரிதுங் குறைக்கப்பட்டன. அரசாங்கத்தின் வருமானக் குறைவை ஈடுசெய்ய மத்திய வங்கி புதுப் பணத்தை வெளியிட்டது. வெளிநாட்டு நாணயக் கையிருப்பு கரைந்துபோயிற்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது, விளைச்சல் வீழ்ந்தது. 2022 மார்ச்சில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணயமாற்று, மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. உக்கிரேன் போரினால் உலகச் சந்தையிற் கோதுமையும் எண்ணெயும் விலையேறியதும் அதே காலத்திலேதான். ஏப்பிரல் மாதத்தில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. பருப்பும் சீனியும் பால்மாவும் கோதுமை மாவும் கப்பலிலே வருகின்ற நாட்டில், ரூபாவின் வீழ்ச்சி அடுப்படியிலே கேட்காமற் போகுமா?

எவருடைய கூடை?

மாணவனின் வரியை நான் பிழையென்று கருதியமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒரு நாட்டின் பணவீக்கம் ஒன்றுதான். அஃது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொன்றாக இருத்தல் இயலாது என்று எண்ணினேன். அதுவும் தவறு.

விலைச் சுட்டெண் என்பது ஒரு கூடையின் விலை. அக்கூடையில் எந்தப் பொருள் எவ்வளவு என்பதைக் குடும்பங்களின் செலவை ஆராய்ந்து வகுக்கிறார்கள். நம் நாட்டின் பழைய கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 1952ஐத் தளவாண்டாகக் கொண்டது. அதன் கூடை, 1949-50இல் கொழும்பு நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து வகுக்கப்பட்டது. அதில் நூற்றுக்கு 61.9 பங்கு உணவு. அரை நூற்றாண்டுக்கு மேலாக, கொழும்புத் தொழிலாளியின் அந்தப் பழங்கூடையே இலங்கை முழுவதன் விலைவாசிக்கும் அளவுகோலாக விளங்கியது.

இன்று கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் பங்கு நூற்றுக்கு 26 அளவில் இருக்கிறது. ஒன்பது மாகாணங்களையும் தழுவி 2015ஆம் ஆண்டு முதல் வெளியிடப்படும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணிலோ உணவின் பங்கு 39 அளவில் இருக்கிறது. தலைநகரத்து வீட்டில் வாடகையும் போக்குவரத்தும் பிற செலவுகளும் பெரும்பங்கைக் கொள்ள, நாட்டுப்புறத்து வீட்டில் வயிறே பெரும்பங்கைக் கொள்கிறது.

இவ்வேறுபாட்டின் விளைவை 2022 செப்டெம்பர் மாதமே காட்டிற்று. அம்மாதத்தில் உணவு விலையேற்றம் கொழும்பிலே 94.9, தேசிய அளவில் 85.8. அப்படியானால் தேசியப் பணவீக்கம் கொழும்பிலும் குறைவாக அன்றோ இருத்தல் வேண்டும்? இருக்கவில்லை. கொழும்பில் 69.8 ஆக நின்ற மொத்தப் பணவீக்கம் தேசிய அளவில் 73.7 ஆயிற்று. உணவு அல்லாத பொருள்களும் வெளியிடங்களிலே கூடுதலாக ஏறியமை ஒரு காரணம். கூடையில் உணவின் பங்கு பெரிதாயிருந்தமை மற்றொரு காரணம்.

ஏர்ன்ஸ்ட் எங்கல் என்னும் ஜெர்மானியப் புள்ளிவிபர அறிஞர் 1857ஆம் ஆண்டிலேயே இதன் அடிப்படையைக் கண்டு சொன்னார். (கார்ல் மார்க்ஸின் தோழரான எங்கெல்ஸ் வேறொருவர்; மாணவர்கள் மயங்க வேண்டா.) ஒரு குடும்பத்தின் வருமானம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு அதன் செலவில் உணவின் பங்கு கூடும் என்பதே அவர் கண்ட விதி. ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். உணவு நூற்றுக்கு 95 உம், ஏனையவை 50 உம் ஏறுகின்றன என்போம். செலவிற் காற்பங்கை உணவுக்கு ஒதுக்கும் வீட்டுக்குப் பணவீக்கம் 61. அறுபது பங்கை உணவுக்கு ஒதுக்கும் வீட்டுக்கு அது 77. ஒரே ஊர், ஒரே சந்தை, ஒரே விலைப்பலகை. ஆயினும் பணவீக்கம் இரண்டு.

என் இளமைக்கால நினைவொன்றும் இங்கே பொருந்தும். 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்திலே நான் சிறுவன். மண்ணெண்ணெய் கொழும்பு விலையின் பன்மடங்குக்கு விற்றது. ஜாம் போத்தலுக்குட் சிறிது பஞ்சை வைத்து, அதில் எண்ணெயைத் துளித்துளியாக ஊற்றி, அந்த வெளிச்சத்திலேதான் நாங்கள் படித்தோம். சவர்க்காரம் கிடையாமற் பனங்காயினால் உடை வெளுத்த வீடுகள் பல. அக்காலத்திலும் இலங்கையின் பணவீக்கம் மாதந்தோறும் ஓர் எண்ணாக வெளியிடப்பட்டே வந்தது. அந்த எண் கொழும்புச் சந்தையின் விலைகளைக் கொண்டு கணிக்கப்பட்டது. எங்கள் ஜாம் போத்தல் அந்தக் கூடையில் இருக்கவில்லை. எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எங்களைப் பற்றிச் சொல்லவும் இல்லை.

மண்ணெண்ணெயின் கதை

மாணவனின் வீட்டுக்கு மீளுவோம். அவன் தாயாரின் துன்பத்திற்கு வித்திட்டதும் அதே மண்ணெண்ணெய்தான்.

2022 ஓகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ நான்கு மடங்கு. காஸ் அடுப்பும் மின்சார விளக்கும் உடைய நகர வீட்டுக்கு இது பத்திரிகையின் மூலையிற் கிடக்கும் சிறு செய்தி. கொழும்புக் கூடையில் மண்ணெண்ணெய்க்கு உரிய பங்கு மிகச் சிறிது. வடபகுதியிலோ கதை வேறு. இங்கே மீன்பிடி வள்ளத்தின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடும். தோட்டக் கிணற்றில் நீர் இறைக்கும் இயந்திரமும் பல இடங்களில் மண்ணெண்ணெயில் ஓடும். ஆறில்லாத குடாநாட்டில் நிலத்தடி நீரை இறைத்தாலன்றி வெங்காயம் இல்லை, மிளகாய் இல்லை, புகையிலை இல்லை.

எண்ணெய் விலை நான்கு மடங்காகியபோது தோட்டக்காரர் என் செய்வார்? ஆயிரங் கன்று நட்டவர் ஐந்நூறு நட்டார். நாலு நாளுக்கு ஒருமுறை இறைத்தவர் ஆறு நாளுக்கு ஒருமுறை இறைத்தார். நடுகை குறைய, களை பிடுங்கும் வேலை குறைந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போன அத்தாயார் மூன்று நாள் மாத்திரமே போகலானார். அரிசி விலை ஏறியது ஒருபுறம். அரிசி வாங்கும் கூலி பாதியானது மறுபுறம். சுட்டெண் முதலாவதை அளந்தது. இரண்டாவதை அளப்பது அதன் தொழில் அன்று. பின்னர் மண்ணெண்ணெய் விலை ஏறியும் இறங்கியும் வந்தது. ஆனால் அந்த 87 ரூபாவை மறுபடி காணவில்லை.

கடலிலும் இதே நிலைதான். எண்ணெய்க்கு ஆகும் செலவு பிடிபடும் மீனின் விலைக்கு மிஞ்சுமென்று அஞ்சி வள்ளத்தைக் கரையில் ஏற்றியவர் பலர். மீன் மலிந்த கரையோர ஊர்களிலே கறிக்கு மீன் வாங்குவது விசேடமான காரியமாயிற்று.

கொத்தரிசியும் அரசியலும்

விலையும் சம்பாத்தியமும் ஒன்றுக்கொன்று எட்டாமற் போனால் நாடே குலுங்கும் என்பதற்கு நம் சரித்திரமே சான்று. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கொரியப் போர்க் காலத்துச் செழிப்பு மறைந்து அரசாங்கத்தின் கையிருப்பு குறைந்தபோது, பங்கீட்டு அரிசி கொத்து ஒன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஏறக்குறைய மூன்று மடங்கு. ஓகஸ்ட் 12ஆம் தேதி நாடளாவிய ஹர்த்தால் நடைபெற்றது. கடைகள் மூடப்பட்டன, புகையிரதங்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

மானியம் கொடுத்துத் திறைசேரி தாங்காது என்று அரசாங்கம் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மக்களின் கூலி 25 சதத்தை எட்டும் படியிலேயே நின்றது. அரிசியை ஒரே பாய்ச்சலில் 70 சதத்தின் படிக்கு ஏற்றியபின், கீழே நின்றவரை அண்ணாந்து பார் என்று சொன்னால் அவர் பார்த்துக்கொண்டு நிற்பாரா? மண்ணெண்ணெயை 87இலிருந்து 340க்கு ஏற்றியபோதும் திறைசேரியின் நியாயம் அதுவே. கீழே நின்றவரின் நிலையும் அதுவே.

விலையேற்றத்தில் வாழ்ந்தோர்

"அப்படியானால் விலைகள் எல்லாம் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டால் நன்றன்றோ?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு விடை யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலேயே கிடக்கிறது.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்நியச் செலாவணி இன்மையால் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. நாடு முழுவதும் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர். மரவள்ளிக் கிழங்கு தின்றனர். ஆனால் அதே காலத்தில் வெளியிலிருந்து செத்தல் மிளகாயும் வெங்காயமும் வாராமையால், குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. ஓலை வீடு கல்வீடானது அக்காலத்திலே. மிளகாய்க் காசில் மகனைப் படிப்பித்தவரும் மகளுக்குக் கலியாணம் செய்வித்தவரும் ஊருக்கு ஊர் இருந்தனர். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் மலிந்தன. கொழும்பு அடுப்படி மகிழ்ந்தது. யாழ்ப்பாணத் தோட்டம் வாடிற்று.

ஆகவே ஒருவருடைய விலை மற்றொருவருடைய வருமானம் என்பதை மறந்து, மலிவு ஒன்றையே நன்மை என்று கொள்ளுதல் அரைக் கணக்கு. பொதுவிலை முழுவதும் தொடர்ந்து இறங்கினால் வியாபாரி கொள்வனவைச் சுருக்குவான். முதலாளி ஆட்களைக் குறைப்பான். கடன்பட்டவனின் பாரம் கூடும். அதுவும் ஒரு நோய்.

ஆனால் 2022இன் விலையேற்றம் 1970களினதைப் போன்றது அன்று. அன்று வெங்காயம் விலையேறியபோது தோட்டக்காரரிடம் வெங்காயம் இருந்தது. 2022இலோ உரமும் இல்லை, எண்ணெயும் இல்லை, விளைந்தது குறைவு. விற்பவனும் வாழாத, வாங்குபவனும் வாழாத விலையேற்றம் அது. அதனாலேயே, "விலை எப்போது இறங்கும்?" என்று மாத்திரம் கேட்பது போதாது. "விலை நின்ற படிக்கு நம் கூலியும் சம்பளமும் விளைச்சலும் ஏறிவிட்டனவா?" என்று கேட்டல் வேண்டும். 172 ரூபா விற்கும் கூடைக்குமுன் பழைய 100 ரூபாக் கூலியோடு நிற்பவன், முன்பு வாங்கியதில் நூற்றுக்கு 58 பங்கையே வாங்க முடியும். பணவீக்கம் பூச்சியமாயினும் அந்த 58, 58ஆகவே இருக்கும். அதை உயர்த்துவது கூலியேயன்றிச் சுட்டெண் அன்று.

கொப்பி சொல்லும் கணக்கு

எங்கள் வீட்டில் என் மனைவி ஒரு வரவு செலவுக் கொப்பி வைத்திருக்கிறார். அந்தத் தாயார் வந்து சென்ற இரவு அதை வாங்கிப் புரட்டினேன். 2022 தை மாதத்திலிருந்து எனக்கு மாதம் 5,000 ரூபா விசேட படி கிடைத்தது. அது தவிர அவ்வாண்டு முழுவதும் என் சம்பளத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், தை மாதத்து உணவுச் செலவுக்கும் ஐப்பசி மாதத்து உணவுச் செலவுக்கும் இடையே பெரிய வேறுபாட்டைக் காணவில்லை! விலை இருமடங்கு ஏறிய ஆண்டிலே எம் வீட்டுச் செலவு ஏறாதது எங்ஙனம்?

தொகையை விட்டு வரிகளைப் படித்தபோது விளங்கிற்று. தை மாதத்தில் வாரம் மூன்று முறை "மீன்" என்று எழுதிய இடத்தில் ஐப்பசியில் ஒரு முறை. பால்மா என்ற சொல் ஆவணியோடு மறைந்துவிட்டது. முட்டை பத்து என்றிருந்தது நான்கு. பாண் வாங்கிய இடத்தில் ஒடியல் மாவும் குரக்கன் மாவும். கொப்பியிலே செலவு ஏறவில்லை. பாத்திரத்திலே உணவு இறங்கியிருந்தது. யார் பங்கு முதலில் இறங்கியது என்று மனைவியிடம் கேட்டேன். அவர் விடை சொல்லாமல் அடுப்பைக் கவனிக்கச் சென்றார். அந்த மௌனத்தைப் புரிந்துகொள்ளப் புள்ளிவிபரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதன்பின் வகுப்பிலே மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வாசிக்கும் மாணவர்களும் வீட்டில் இதனைச் செய்து பார்க்கலாம். லஸ்பேயர்ஸ் என்னும் ஜெர்மானியப் பொருளியலாளர் 1871இல் வகுத்துத் தந்த முறை இது. திணைக்களங்கள் கையாளும் முறைகளுக்கும் இதுவே அடிப்படை.

வீட்டில் ஒரு மாதத்துக்கு வாங்கும் முக்கிய பொருள்களின் அளவைத் தாயிடம் கேட்டு எழுதுக. உதாரணத்திற்கு நான்கு பொருளை எடுப்போம், விலைகள் கற்பனை. அரிசி 30 கிலோ, கிலோ 220 ரூபா. தேங்காய் 20, ஒன்று 100 ரூபா. பருப்பு 3 கிலோ, கிலோ 300 ரூபா. மண்ணெண்ணெய் 5 லீற்றர், லீற்றர் 180 ரூபா. மொத்தம் 10,400 ரூபா. சில மாதங்களின் பின், அளவை மாற்றாமல் விலையை மாத்திரம் மாற்றுக. அரிசி 230, தேங்காய் 150, பருப்பு 280, மண்ணெண்ணெய் அதே 180. மொத்தம் 11,640 ரூபா. புதிய தொகையைப் பழைய தொகையால் வகுத்து நூறாற் பெருக்கினால் 111.9. உம் வீட்டுப் பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 12. பருப்பு மலிந்தும் மொத்தம் ஏன் ஏறிற்று? தேங்காயும் அரிசியும் கூடையிற் பெரும்பாரம் ஆதலால். இதுவே சுட்டெண்ணின் முழு இரகசியமும்.

அளவை மாற்றாதிருத்தலே இதில் உயிரான விதி. வாங்குவதைக் குறைத்துவிட்டுச் செலவு கூடவில்லை என்று எழுதினால், எங்கள் வீட்டுக் கொப்பி ஏமாற்றியதைப் போலவே அதுவும் ஏமாற்றும்.

இரண்டு தவணைகள் மாணவர்கள் கணக்கு எழுதினர். ஒரே வகுப்பில், ஒரே சந்தையில் வாங்கும் வீடுகளிலிருந்து வந்த எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தன. உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளையின் எண் பத்திரிகையில் வந்த எண்ணை ஒட்டி நின்றது. நாட்கூலி வீட்டுப் பிள்ளைகளின் எண்கள் அதைக் கடந்து நின்றன. எல்லாவற்றிலும் உயர்ந்த எண், "எங்கள் வீட்டில் அது குறையவில்லை" என்று எழுதிய அம்மாணவனுடையது.

அவனை அழைத்துப் பழைய விடைத்தாளைக் கொடுத்தேன். சிவப்புக் கோட்டை அழிக்க வழியில்லை; அதன் பக்கத்தில் "சரி" என்று எழுதி, என் பெயரின் முதலெழுத்தையும் இட்டிருந்தேன். "தம்பி, நீர் எழுதியது பிழையன்று. நான் வாசித்ததுதான் பிழை" என்றேன். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமையும் அவன் வகுப்புக்கு வரவில்லை. ஒரு "சரி" அரிசி வாங்கித் தருமா? அவன் தவறவிடும் பாடங்களைச் சனிக்கிழமை மாலைகளிலே சொல்லிக்கொடுக்க ஒழுங்கு செய்தேன். என்னால் இயன்றது அவ்வளவே.

வாசகர்களே, மாதந்தோறும் பணவீக்கம் இவ்வளவு என்று ஓர் எண் வெளிவருகிறது. அதை அலட்சியம் செய்ய வேண்டா. அது கற்றறிந்தோர் உழைப்பால் வருகின்ற, நாட்டுக்கு வேண்டிய எண். ஆனால் அதைப் படித்த கையோடு இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இது எவருடைய கூடை? விலை நின்றதென்றால், நின்றது எந்தப் படியில்?

இவ்விரண்டையும் எனக்குக் கற்பித்தவர்கள் ஒரு மாணவனும், வெங்காயத் தோட்டத்திற் களை பிடுங்கும் அவன் தாயாருமே.